பண்டிகை இல்லாத வீட்டுக்குரிய சொல்

1

இக்கதையின் தலைவி பெயர் அபிதகுஜாம்பாள். எங்கள் அடுக்ககத்தில் அனைவரும் அவரை 'அபிதா மாமி' என்றே அழைப்பர். அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. "எழுதறதுன்னா முழுசா எழுதுங்கோ சார். பாதிப் பேருக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். ஆதலின் முழுமையாகவே எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார். மின்தூக்கி இருந்தும் படியேறியே வருவார். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். காப்பி ஆறிவிட்டால் அதை மீண்டும் சுட வைக்கமாட்டார். கீழே கொட்டவும் மாட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடிப்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வீட்டுப் பண்டிகையானாலும் அன்று விடியற்காலையில் குளித்துவிட்டுத் தம் வீட்டுக் கதவை அகலத் திறந்து வைப்பார். எதிர்வீட்டுக் கதவு திறப்பதற்காக அது.

இது கதையாகத் தொடங்கியதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் மலர் வெளியிடுகிறது. செயலாளர் ஷ்யாம்சுந்தர் மார்கழி முதல் வாரத்தில் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். பண்டிகை வார்த்தைங்களைப் பத்தி ரெண்டு பக்கம் வேணும். வாழ்த்துகளா, வாழ்த்துக்களான்னு குரூப்ல தினம் சண்டை. அதுக்கும் ஒரு முடிவு கட்டிடுங்க."

"அந்தச் சண்டைக்கு முடிவு கட்டினால் உங்கள் குழுவில் பேச வேறு பொருள் இராதே" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, உண்மையைத்தான் சொன்னேன்.

இரண்டு பக்கக் கட்டுரைக்காக வீடு வீடாகச் சென்று, "நீங்கள் பண்டிகையன்று என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு வந்தேன். இரண்டாம் மாடியில் கட்டுரை நின்றுவிட்டது.

2

நின்றுபோன அக்கட்டுரையிலிருந்து ஒரு பகுதி:

"பண்டிகை, விழா, திருநாள், பெருநாள், கொண்டாட்டம் என்பன ஒருபொருட் சொற்கள்போலத் தோன்றினும் வழக்கில் வேறுபடுகின்றன. திருநாள் சுவரொட்டியிலும் மேடையிலும் வாழ்கிறது. 'திருநாளுக்கு என்ன சமையல்?' என்று எவரும் வீட்டில் கேட்டதாக நான் அறியேன். முதல் மாடி இசுலாமியக் குடும்பத்தார் பெருநாள் என்கின்றனர். பண்டிகை எல்லார் வாயிலும் புழங்குகிறது. 'நல்ல நாளும் அதுவுமா' என்னும் தொடரோ பெரும்பாலும் கடிந்துகொள்வதற்கே பயன்படுகிறது: நல்ல நாளும் அதுவுமா ஏன் அழுகிறாய், நல்ல நாளும் அதுவுமா ஏன் தூங்குகிறாய்..."

(இங்கே 'கொண்டாடு' என்னும் வினை 'உறவு கொண்டாடு' என்பதிலும் வருவதைக் காட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகான பத்தி. கதையின் முடிவுக்கு அதைச் சேமித்து வைக்கும் ஆசையும் இருந்தது. எடுத்துவிட்டேன். சொல்லாராய்ச்சி யாருடைய கதவையும் தட்டாது.)

கட்டுரையில் நான் கண்ட ஒரே புதுச் செய்தி இது: அச்சிட்ட அட்டையிலும் கைப்பேசியிலும் நாம் வாழ்த்துகிறோம், வாசலில் நின்று பேசும்போதோ பெரும்பாலும் கேட்கிறோம். தீபாவளியன்று, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" பொங்கலன்று, "பால் பொங்கிச்சா?" வாழ்த்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். கேள்வி அப்படியன்று. விடை வரும்வரையில் கேட்டவர் வாசலில் நிற்க வேண்டும்.

3

எதிர்வீட்டில் இருப்பவர்கள் அமலராணியும் அவர் கணவர் எட்மண்டும். கத்தோலிக்கர். அமலராணி காப்பீட்டு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எட்மண்ட் ரயில்வேயில் இருந்தவர். எதையும் வேடிக்கையாக்கிவிடும் இயல்பினர். பெரிய வெள்ளியன்று சங்கக் குழுவில் யாரோ பூங்கொத்துப் படத்துடன் 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று அனுப்ப, "தேங்க்ஸ், ஆண்டவர்கிட்ட சொல்லிடறேன்" என்று பதில் போட்டவர் இவரே.

இரு வீடுகளும் பல்லாண்டுகளாக எதிரெதிரே இருப்பவை. தீபாவளி விடியலில் அமலராணிதான் முதலில் வருவார்.

"மாமி, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சுடி அமலா. நோக்கு?"

"எனக்கு மெட்ரோ வாட்டர் ஸ்நானம்தான் மாமி."

ஆண்டுதோறும் இதே வேடிக்கை. ஆண்டுதோறும் அபிதகுஜாம்பாள் முதன்முறை கேட்டவர்போலச் சிரிப்பார். அவர் கணவர் சுப்ரமணியன் உள்ளிருந்து, "அந்த லேகியத்தை அவளுக்கும் ஒரு உருண்டை குடு, அதுக்கப்புறம் சிரிக்கிறாளா பாப்போம்" என்பார்.

கிறிஸ்துமஸ் காலையில் முறை மாறும். 'ஹேப்பி கிறிஸ்மஸ்' என்று சொல்ல அபிதகுஜாம்பாளுக்கு வாய் வரவில்லையாம். "அது டிவியில சொல்றா மாதிரி இருக்கு." ஆதலால் தாமே ஒரு கேள்வியை உண்டாக்கிக்கொண்டார். எதிர்வீட்டு வாசலில், நட்சத்திர விளக்கின் கீழ் நின்று கேட்பார்:

"கொழந்தை பொறந்தாச்சா?"

எட்மண்ட் உள்ளிருந்து உரக்க விடை சொல்வார்: "பொறந்தாச்சு மாமி! சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்!"

எந்தச் சமய நூலும் இவ்வாழ்த்தை அறியாது. எந்த அகராதியிலும் ஏறாது. எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் மட்டும் வழங்கிய சொல் அது. 'வழங்கிய' என்று இறந்த காலத்தில் எழுதுகிறேன். கதை அதைப் பற்றியது.

4

இப்பகுதியை நான்கு முறை தொடங்கினேன்.

ஆவணி மாதத்து ஒரு காலைப் பொழுதில், வானம்... வேண்டா. வானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சுப்ரமணியன் என்றும்போல் நடைப்பயிற்சி முடித்துப் பால் பாக்கெட்டுடன் படியேறி... வேண்டா. பால் பாக்கெட் கையில் இருந்ததாக நான்தான் சேர்த்தேன்.

மரணம் என்பது... ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இவ்வாறு தொடங்கினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவர்.

ஆவணியில் சுப்ரமணியன் மாரடைப்பால் இறந்தார். இது போதும்.

அமலராணி அந்தப் பதின்மூன்று நாளும் அவ்வீட்டிலேயே இருந்தார் எனலாம். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார், செருப்புகளை ஒழுங்குபடுத்தினார், எவருக்கும் தோன்றாத காலத்தில் அபிதகுஜாம்பாளின் கைப்பேசிக்கு மின்னேற்றினார். இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். பின்னர் நடந்ததைப் படிக்கும்போது வாசகர் இதை மறவாதிருக்க வேண்டும். நானே சில வேளைகளில் மறந்துவிட்டேன்.

5

ஐப்பசியில் தீபாவளி வந்தது. துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. எண்ணெய் இல்லை, புத்தாடை இல்லை, அடுப்பில் வாணலி ஏறாது. இது நம்மவர் அனைவரும் அறிந்தது.

அன்றும் அபிதகுஜாம்பாள் விடியலில் எழுந்தார். தலையில் எண்ணெய் வையாமல் வெறுமனே குளித்தார். கதவைத் திறந்து வைத்துக் கூடத்து நாற்காலியில் அமர்ந்தார். செயலாளர் மனைவி ஸ்ம்ருதி ஒரு தட்டில் மைசூர்பாகும் முறுக்கும் கொண்டுவந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்துவிட்டுச் சென்றார். அதுவே முறை. பண்டிகை இல்லாத வீட்டுக்குப் பிறர் வீட்டுப் பலகாரம் வரும்.

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே மிக்சி ஓடும் ஓசை கேட்டதாம். பிறகு அதுவும் நின்றுவிட்டதாம். பத்து மணிக்கு அபிதகுஜாம்பாள் தம் கதவைச் சாத்தினார்.

நான் கட்டுரைக்காகச் சென்றபோது அவர் கூறியது:

"பலகாரம் வேணும்னு நான் உக்காரலை சார். கங்கா ஸ்நானம் ஆச்சான்னு அவ வந்து கேப்பான்னு இருந்தேன்."

"துக்க வீட்டில் அவ்வாறு கேட்பது..."

"கேக்கப்படாதுதான். நேக்குத் தெரியாதா? ஆனா கேட்டிருந்தா, 'இல்லைடி அமலா, இந்த வருஷம் இல்லை'ன்னு சொல்லியிருப்பேன். அவர் போனதுக்கப்புறம் அதை நான் வாயால ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, அதனால யாரும் கேக்கலை. இல்லைன்னு சொல்றதுக்கும் ஒருத்தர் கேக்கணுமோல்லியோ?"

நான் எழுதுகோலை மூடி வைத்துவிட்டேன்.

6

அமலராணி என்னும் பாத்திரத்தை நம்பலாமா?

எழுத்தாளனுக்குரிய ஐயம் இது. கதைக்கு வசதியாக அவரைக் கல்நெஞ்சினராக்கிவிடலாம். கைம்பெண் முகத்தில் விழிக்கக் கூடாது என்னும் பழைய பேதைமை அவருக்கும் இருந்ததென்று ஒரு வரி சேர்த்தால் போதும். அபிதகுஜாம்பாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "அவா மதத்துல அதெல்லாம் கெடையாதுன்னு இருந்தேன். ஊர்ல இருக்கறவாளுக்கு ஊர் வழக்கம் ஒட்டிக்காதா என்ன?" என்றார்.

ஆயினும் பாத்திரம் என் வீட்டுக்கு நேர்மேலே குடியிருக்கிறது. சென்று கேட்டேன். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. செங்கல்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் மகன் ஷெர்வின் வாங்கியிருக்கும் புதிய வீட்டுக்குத் தை பிறந்ததும் குடிபோகின்றனர்.

"நான் ஏன் போகலைன்னா, மாமியே சொன்ன ரூல்தான் சார் அது" என்றார் அமலராணி. "அப்போ கீழ்வீட்ல பொன்னியம்மாள் தவறிட்டாங்க இல்ல, அந்த வருஷம் நான் தட்டோட கிளம்பினேன். மாமிதான் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. 'அவாத்துல இந்த வருஷம் பண்டிகை இல்லை, போய் வாசல்ல நிக்காதே'ன்னாங்க. அதை நான் மறக்கவே இல்ல. இந்தத் தீபாவளிக்கு முன்னாடி நம்ம ஃப்ளோர் பசங்களைக் கூப்பிட்டு, பட்டாசெல்லாம் அந்தக் கோடில வெடிங்கடான்னேன். பலகாரம் பொரிச்சா வாசனை போகும்னு அதையும் செய்யல. சட்னி அரைக்க மிக்சி போட்டேன். அந்தச் சத்தம்கூட மாமிக்குக் கேக்குமேன்னு பாதில நிறுத்திட்டேன்."

(அபிதகுஜாம்பாள் அன்று அமலராணியை நிறுத்தியது மெய். நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்துத் தாமே ஒரு பாத்திரத்தில் அதிரசத்தை மூடி எடுத்துக்கொண்டு கீழே சென்றதும் மெய். அமலராணி முதற்பாதியை மட்டும் கண்டார். பல்லாண்டுகள் அந்தப் பாதியையே போற்றி வைத்திருந்து, காலம் வந்தபோது பிழையின்றிப் பின்பற்றினார்.)

எட்மண்ட் பெட்டியொன்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "சொல்லு, மீதியையும் சொல்லு" என்றார்.

அமலராணி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் வசதியாவும் இருந்துச்சு சார்" என்றார். "அவங்க முகத்தைப் பார்த்து என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. காரியத்தப்போ வேலை இருந்துச்சு, கை ஓடிச்சு. தீபாவளி அன்னைக்கு வெறும் வாயால போய் நிக்கணுமே. அந்த ரூல் இருந்தது நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்."

இதைக் கேட்டபின் அவரைக் கல்நெஞ்சினராக்கும் வரியை அடித்துவிட்டேன். நல்லவராக்கும் வரியையும் அடித்தேன்.

7

கிறிஸ்துமஸைப் பற்றி இரண்டு பத்திகளில் எழுதி முடிக்க விரும்புகிறேன். ஏனெனில் அதில் எதுவும் நடக்கவில்லை.

அமலராணி நட்சத்திர விளக்கை வழக்கம்போல் வாசலில் தொங்கவிடாமல், மாமியின் கண்ணில் படாதவாறு பின்பக்கத்து பால்கனியில் மாட்டினார். மரியாதைக்காகச் செய்தார். விளக்கில்லாத வாசலைக் கண்ட அபிதகுஜாம்பாள், 'நான் வந்து நிற்கக் கூடாதென்றே எடுத்துவிட்டனர்' என்று முடிவு செய்தார். போகத்தான் வேண்டும் என்று ஒரு கணம் எழுந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், "நல்ல நாளும் அதுவுமா நீ போய் அவா வாசல்ல நிக்கறதாவது" என்றாராம். கட்டுரையில் நான் குறித்து வைத்த தொடர் அதுவே. அதன் எடையை அப்போது அறிந்தேன் அல்லேன்.

எதிர்வீட்டினுள்ளே எட்மண்ட் ஒன்பது மணிவரை கூடத்திலேயே இருந்தார். "சுகப்பிரசவம்னு சொல்ல ஆளே வரல சார்" என்று என்னிடம் சொன்னார். வேடிக்கையாகவே சொல்லத் தொடங்கினார். முடிக்கும்போது கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

8

முடிவுகள்.

ஷ்யாம்சுந்தர் இதற்குள் மும்முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். கட்டுரை கதையாகிவிட்டதைச் சொன்னேன். "பரவால்ல சார், பாசிட்டிவா முடிச்சிடுங்க. பொங்கல் மலர்ல யாரும் அழக் கூடாது" என்றார். ஆதலின் மூன்று முடிவுகளை எழுதி அபிதகுஜாம்பாளிடமே எடுத்துச் சென்றேன். தம் கதையின் முடிவைத் தாமே கேட்கும் உரிமை அவருக்கு உண்டு அன்றோ? அமலராணியும் எட்மண்டும் கூறியவற்றை முதலில் சொன்னேன். வசதியாக இருந்தது என்று அமலராணி கூறியதை மட்டும் சொல்லத் தயங்கினேன்.

"பயந்திருப்பா" என்று அவரே முந்திக்கொண்டார். "நானும் பயந்துதான் இருந்தேன்." பிறகு, "அவ நல்லவதான் சார். நல்லவளா இருந்துண்டு வராம இருந்தா நான் என்ன பண்றது? கொஞ்சம் கெட்டவளா இருந்து வந்திருக்கலாம்" என்றார்.

முதல் முடிவைப் படித்துக் காட்டினேன். பொங்கல் விடியலில் இரு கதவுகளும் ஒரே கணத்தில் திறக்கின்றன; இருவரும் ஒரே குரலில்...

"ஸ்கூல் ஆண்டு விழாவா இது?" என்றார்.

இரண்டாம் முடிவு. எதிர்வீட்டார் குடிபெயர்ந்துவிட்டனர். பூட்டிய கதவின்முன் நின்று அபிதகுஜாம்பாள் மெல்லிய குரலில், கொழந்தை பொறந்தாச்சா என்று...

"பூட்டுக்கிட்ட பேசற அளவுக்கு நேக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கலை. அடிங்கோ அதை."

மூன்றாம் முடிவில் இக்கதையை எழுதும் ஓய்வு பெற்ற ஆசிரியரே இடையில் புகுந்து, அமலராணியிடம் உண்மையைக் கூறி அழைத்து வருகிறார். இதுவே எனக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டிலும் எனக்கு வேலையில்லை.

அவர் இதற்குச் சினங்கொள்ளவில்லை. "நீங்க சொல்லி அவ வந்து கேட்டா, அது நீங்க கேட்டதுன்னா ஆகும்?" என்றார்.

எதிர்வீட்டில் எதையோ இழுக்கும் ஓசை கேட்டது; இரும்புக் கட்டிலாக இருக்கலாம். தீபாவளிக் கேள்வி ஐப்பசியோடு போயிற்று. கிறிஸ்துமஸ் கேள்வி மார்கழியோடு போகிறது. இச்சொற்களை எடுத்து வைத்திருந்து பின்னொரு நாளில் கொடுக்க முடியாது. நாளைக்கு நான் சென்று, 'அன்று கங்கா ஸ்நானம் ஆயிற்றா?' என்று கேட்டால் அது விசாரணை, வாழ்த்தாகாது. அவர்களுக்கு உரிய இரண்டு காலைகள் அவ்வாறு போயின. அடுத்த ஆண்டு இரு வாசல்களுக்கும் இடையே எட்டு ரயில் நிலையங்கள் இருக்கும்.

9

இதனை எழுதும்போது மார்கழி இன்னும் முடியவில்லை. வாசகரே, முடிவை உம்மிடம் ஒப்படைத்துவிடலாம் என்றிருந்தேன். ஆயின் நேற்று மாலை அபிதகுஜாம்பாள் படியிறங்கி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவா புது வீட்ல பால் காய்ச்சறாளாமே சார்?"

"ஆம். தை மூன்றாம் நாள் காலை. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்ததும் பால் காய்ச்சுவார்களாம். எட்மண்ட் எனக்குச் சொல்லியிருக்கிறார்."

"என்னைக் கூப்பிடலை."

"உங்களுக்கு ஆண்டு முடியவில்லையே, சுப காரியத்துக்கு அழைத்தால் உங்கள் மனம் புண்படுமோ என்று..."

"அதான். மறுபடியும் ரூல்." அவர் சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. "நான் சொல்லிக்குடுத்த ரூல்தானே. நன்னாத்தான் படிச்சிருக்கா."

நான் கட்டுரையாளனாகி, ஒரு செய்தியை எடுத்துரைக்க முற்பட்டேன்: துக்கம் நேர்ந்த வீட்டார் ஓராண்டுக்குள் பிறர் வீட்டுச் சுப காரியத்துக்குச் செல்வது குறித்துப் பலவகை வழக்குகள்...

"உங்கள் நாத்தனார் என்ன சொல்வார்?" என்று அவ்வாக்கியத்தை நானே இடையில் விட்டுவிட்டுக் கேட்டேன்.

"'நல்ல நாளும் அதுவுமா'ம்பா. சொல்லட்டும்."

"அழையாத வீட்டுக்கு..."

"உள்ள போகலை. இலை போட்டா உக்காரவும் மாட்டேன். வாசல்ல நின்னு ஒண்ணு கேக்கணும். பதில் சொல்றவரைக்கும் நிப்பேன்."

அவர் சென்று நிற்கும்போது அமலராணி கதவைத் திறப்பாரா, அவரைக் கண்டு கூட்டத்தில் யாரேனும் முகம் சுளிப்பரா, எட்மண்ட் உள்ளிருந்து என்ன வேடிக்கை சொல்வார், இவற்றை எழுத எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. மலர் அச்சுக்குப் போகும் நாளும் தை மூன்றாம் நாளுக்கு முந்தியது. ஷ்யாம்சுந்தர் கடிந்துகொள்வார், கொள்ளட்டும்.

அபிதகுஜாம்பாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி நின்று சொன்னதோடு நிறுத்துகிறேன்:

"செங்கல்பட்டு வண்டி விடிகாலையில எத்தனை மணிக்குன்னு பாத்துச் சொல்லுங்கோ சார். பால் பொங்கித்தான்னு நான் போய்க் கேக்கப்போறேன்."